மகுடன் விட்டுப்போன ஏரோப்ளேன்

இரண்டு எருமையும் ஒரு தென்னந்தோப்பும் இருக்கிற குடும்பத்துக்கு ஒரு சினிமாக்காரரின் ஏரோப்ளேன் எதற்கு, நீங்களே சொல்லுங்கள்? பால் கறக்குமா, தேங்காய் போடுமா, ஏறி உட்கார்ந்தால் தாராபுரம் பஸ் ஸ்டாண்டு வரைக்குமாவது கொண்டுபோய் விடுமா? கௌசல்யா இதை அந்த ஏரோப்ளேனுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டுதான் கேட்டுக்கொண்டிருந்தாள். அதுவும் நடிகர் மகுடன் உட்கார்ந்து போன அதே சீட்டில், இரண்டரை வயது மகள் மித்ராவை மடியில் போட்டுக்கொண்டு. பிள்ளை தயிர்சோறு தின்ற வாயோடு தூங்கிவிட்டது. அசைந்தால் விழித்துக்கொள்ளும், விழித்தால் அழும், அழுதால் வெளியே ரெக்கை நிழலில் நின்று பேசுகிற இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். அவர்களில் ஒருவன் அவள் வீட்டுக்காரன் பூபதி. "என்ன கௌசி, ரோசனை பண்ணிட்டயா?" என்பான். பண்ணவில்லை. பண்ணினால்தானே. மூடிப்போன நூல்மில்லுக்குச் சொந்தமான இந்த ஓடுபாதையில் பதினாலு வருசமாக நின்ற இடத்திலேயே நிற்கிற இதை, மகுடனின் மகள் சென்னையிலிருந்து ஒரே போனில் கைகழுவிவிட்டாள். "உங்க அப்பாதான் அவ்வளவு நாள் காவல் காத்தாரு. நீங்களே எடுத்துக்கங்க, இல்ல எடைக்குப் போட்டுடுங்க." மில் நிலத்தை சோலார் கம்பெனி வாங்கிவிட்டது, நாளைக்கு வேலி போட ஆள் வருகிறது. அதனால் இன்றைக்கு வெயில் தாழ கிரேன் லாரி வரும். ஒன்று, அலுங்காமல் தூக்கித் தோப்பில் கொண்டுபோய் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் லாரியோடு வருகிற ஆட்கள் இங்கேயே துண்டு துண்டாக அறுத்துக்கொண்டு போவார்கள். மத்தியானம் சாப்பிடும்போது பூபதி தட்டைப் பார்த்தபடியே சொன்னான். "நீயே சொல்லு கௌசி. தோப்புக்குன்னா, நான் இங்கயே இருந்து இதச் சரிபண்றேன், ரெண்டு வருசமோ மூணு வருசமோ. வேண்டாம்னா அறுத்துப் போட்டுட்டு சார்ஜாவுக்கே திரும்பி வர்றேன்னு கம்பெனிக்குச் சொல்லிர்றேன். அவங்களும் பொழுதோட பதில் கேக்கறாங்க." இரண்டு கேள்வியையும் ஒரே மூட்டையாகக் கட்டி அவள் தலையில் வைத்துவிட்டு, ரசம் ஊத்து என்று கையைக் குழித்தான்.

அவளும் ஊற்றினாள். உப்பு பத்தலைங்களா என்று கேட்டாள். கேட்க வேண்டியது அதுவா? ஆனால் அந்த நேரத்துக்கு வாயில் வந்தது அதுதான். இப்போது இந்தச் சூட்டில், வெந்நீர் அண்டாவுக்குள் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்துகொண்டு, ஆயிரம் பதில் வருகிறது. முட்டை முட்டையாக ஜன்னல்கள், ஒன்றும் திறக்காது. திறந்து கிடக்கிற கதவு வழியாகக் கொஞ்சம் காற்றும் பெஞ்சமின் சாரின் குரலும்தான் உள்ளே வந்தன. அவர் பெங்களூரில் விமான இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். பூபதி கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்திருக்கிறான். காலையிலிருந்து டார்ச்சை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொந்தாகப் பார்த்து "அய்யய்யோ" என்கிறார். கொஞ்ச நேரம் கழித்து "பரவாயில்லையே" என்கிறார். மாட்டு டாக்டர் இப்படிச் சொன்னாலே எருமையை விற்றுவிடலாமா என்று தோன்றும். தோட்டத்து மோட்டாரை நிறுத்தினோமா? கிளம்பும்போது மித்ராவுக்குச் செருப்பு மாட்டினது ஞாபகம் இருக்கிறது, வாசற்கதவைச் சாத்தினது இருக்கிறது, மோட்டார் மட்டும் இல்லை. துப்பட்டாவால் பிள்ளையின் கழுத்து வேர்வையை ஒற்றினாள். சீட்டுத் தோல் முதுகில் ஒட்டிக்கொண்டு பிரியமாட்டேன் என்றது. ஒரு காலத்தில் வெண்ணெய் நிறமாம். இப்போது வெயிலில் வெடித்து, எலி இழுத்த மஞ்சள் பஞ்சு எட்டிப் பார்க்கிறது. தோலும் பஞ்சும் பழைய இரும்பும் கலந்த இந்த வாசனை மட்டும் அன்றைக்கு இருந்தது போலவே இருக்கிறது. கல்யாணமாகி வந்த மாதம். மாமனாரிடம் சாவி வாங்கிக்கொண்டு பூபதி அவளை இங்கே கூட்டி வந்தான். "வாங்க மேடம், உங்க சீட்டு இது" என்று பெல்ட்டைப் போட்டுவிட்டான். வாயைக் குவித்துக்கொண்டு மைக்கில் பேசுகிற மாதிரி, "இன்னுங் கொஞ்ச நேரத்துல நாம காங்கேயத்துக்கு மேல பறப்போம், எருமை கட்டுத்தறி பக்கம் குலுங்கும், பயப்படாதீங்க" என்றான். அவள் சிரித்த சிரிப்பில் புரோட்டாப் பொட்டலத்துச் சால்னா கொட்டிவிட்டது. அதோ, எதிர் சீட்டின் காலடியில் அந்தக் கறை, நாய்க்குட்டி படுத்திருக்கிற மாதிரி. அப்புறம் அவன் சுவரில் எங்கேயோ ஒரு விரலை வைத்தான். உள்ளேயிருந்து ஒரு மேஜை சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் நின்றது. சார்ஜாவில் அவனுக்கு அதுதான் வேலை, விமானத்துக்குள் சீட்டு, மேஜை, விளக்கு, கதவுக் கொண்டி இதையெல்லாம் சரிபார்க்கிற வேலை. கட்டிக்கொண்ட ஆளின் முகத்தை அதுவரைக்கும் அவள் சரியாகப் பார்த்திருந்தாளா என்றால் இல்லை. முதலில் பார்த்தது அந்த விரலைத்தான். பொண்ணு பார்க்க வந்தபோது காபி டம்ளர் பிடித்த விரல்தான் இதுவும் என்று அப்போதுதான் தோன்றியது, கூடவே ஒரு வெட்கம், ஒரு தைரியம்.

வெட்கப்பட்டுக்கொண்டே அவள் மகுடன் கதையைச் சொன்னாளே, அதுவும் அன்றைக்குத்தான். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு வரிசையில் தட்டோடு நிற்கிறாள். முட்டை நாள். மகுடன் இந்தப் பக்கத்துக்காரர், நோம்பி பண்டிகைக்கு ஊருக்கு வந்தால் ஏரோப்ளேனில்தான் வருவார். தலைக்கு மேலே ஓட்டுக்கூரை நடுங்குகிற மாதிரி ஒரு சத்தம். டீச்சரே முதலில் ஓடினாள் வெளியே. பின்னாடியே மொத்தப் பள்ளிக்கூடமும் ஓடியது, சமையல்காரம்மா கரண்டியோடு. வெள்ளை வெளேரென்று வயிற்றைக் காட்டிக்கொண்டு தாழ்வாகப் போனது. கௌசல்யா கையை ஆட்டினாள், முட்டை இருந்த கையை. முட்டை எங்கே போனதென்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது. ஏரோப்ளேன் போன பிறகு அவள் அழுதாள். டீச்சர், "நடிகருக்காகவா அழுவற?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டாள். முட்டைக்கு என்று சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை. இதைக் கேட்டுப் பூபதி மேஜையில் தலையை வைத்துச் சிரித்தான். "நானும் அன்னைக்கு இங்கதான் இருந்தேன். அப்பா விசில் ஊதி ஓடுபாதையில நின்ன ஆட்டையெல்லாம் முடுக்கிட்டு இருந்தாரு. நான் குட்டியத் தூக்கிட்டு ஓடுனேன்" என்றான். அப்படியானால் முட்டை போன அந்த நிமிசத்துக்குக் கொஞ்சம் தள்ளி, அதே ஏரோப்ளேனின் இந்த முனையில், ஆட்டுக்குட்டியோடு ஒரு பையன் ஓடிக்கொண்டிருந்திருக்கிறான். அவனைத்தான் பிற்பாடு கட்டிக்கொண்டாள். இதை நினைத்தால் இப்போதும் உள்ளங்கால் கூசுகிறது. இதை அறுப்பதா? அறுக்கும்போது என்ன சத்தம் வரும்? தகரம் கத்துமா, இல்லை பஞ்சும் தோலுமாய்ப் பொத்தென்று விழுமா? ச்சே, சினை ஆட்டை வெட்டுகிற மாதிரி என்ன நினைப்பு இது. ஒரு சாமான். அவ்வளவுதான். ஒரு பழைய சாமானுக்கு இத்தனை மனசு இழுக்கலாமா?

இழுக்கத்தான் செய்கிறது. மாமனாருக்கு இழுத்ததே. வெள்ளியங்கிரி என்று பெயர், மில் ஓடுபாதைக்கு வாட்ச்மேன். கடைசியாக மகுடன் வந்தபோது இன்ஜினில் ஏதோ கோளாறு என்று காரில் ஏறிப் போனார். போகும்போது கண்ணாடியை இறக்கி, "வெள்ளியங்கிரி, ஆள் வர்ற வரைக்கும் பாத்துக்கோ" என்றார். ஆள் வரவே இல்லை. படங்கள் ஓடாமல் போயிற்று, மகுடன் சீக்காகிப் படுத்தார், செத்தும் போனார், மில்லும் மூடியாயிற்று. மாமனார் பாத்துக்கொண்டார். சம்பளம் நின்ற பிறகும் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு காலையில் கிளம்பிவிடுவார். ஓடுபாதையில் வெள்ளாடு ஏறினால் ஊதுவார், சோளம் காயவைக்க வருகிறவர்களைப் பார்த்து ஊதுவார், காதல் ஜோடி வந்தால் அரைமணி நேரம் விட்டுப் பிடித்து ஊதுவார். "மாமா, எதுக்குங்க இந்தப் பாடு? இது இனி எங்க பறக்கப் போகுது?" என்று கேட்டால், "பறக்கறது அவிய வேலை அம்மிணி. நிக்கிறத நான் பாத்துக்கறேன்னு ஒத்துக்கிட்டேன்" என்பார். ஆயுத பூசைக்கு ரெக்கைக்கு இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டுவார். மூன்று சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம். வண்டி நகர்ந்தால்தானே பழம் நசுங்கும்? இது நகராது. அடுத்த வருசம் புதுப் பழத்தோடு போனால் பழைய பழம் கொட்டைப்பாக்கு மாதிரி காய்ந்து அப்படியே கிடக்கும். அதைப் பொறுக்கிவிட்டுப் புதுசை வைப்பார். ஒருமுறை அவள் சிரித்துவிட்டாள். அவரும் கூடவே சிரித்தார். நல்ல மனுசன். ஆடியில் ஒரு ராத்திரி தூக்கத்திலேயே போய்விட்டார், யாருக்கும் சிரமம் வைக்காமல். காரியத்துக்கு என்று வந்த பூபதி நாலு மாசமாகத் திரும்பப் போகவில்லை. அப்பா காத்ததை நாம் அறுத்துப் போடுவதா என்று அவன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொன்னால் அவள் பதில் சொல்லிவிடுவாள். சொல்லாததற்கு என்ன பதில் சொல்வது? மோட்டார். நிறுத்தியிருப்போம். கரண்ட் மூன்று மணிக்குப் போய்விடும், ஓடினாலும் தானாக நின்றிருக்கும். சரி, அந்தக் கவலை ஒழிந்தது.

ஒழிந்த இடத்தில் பெரிய கவலை வந்து உட்கார்ந்துகொண்டது. மித்ரா தூக்கத்தில் வாயைச் சப்புக்கொட்டினாள். இந்தப் பிள்ளை வயிற்றிலிருந்தபோதும் கௌசல்யா இதே சீட்டில்தான் உட்காருவாள். மாமனாருக்குச் சோறு கொண்டு வந்தால் இங்கே டவர் நன்றாகக் கிடைக்கும், வீட்டில் கிடைக்காது. போனில் பூபதி தெரிவான், அவனும் ஒரு ஏரோப்ளேனுக்குள். அவனுடையது புதுசு, வெளிச்சம், வரிசை வரிசையாகச் சீட்டு. இவளுடையது பறக்காதது. "எங்க இருக்கற?" "உங்க ஆபீஸ்லதானுங்க." "சாப்ட்டயா?" "ஏர் ஹோஸ்டஸ் இன்னும் கொண்டு வரலைங்க." அந்தச் சிரிப்பெல்லாம் இருந்தது. அப்புறம் பிள்ளை பிறந்தது. பிள்ளைக்கு அப்பா என்றால் போன். எங்கடா தங்கம் அப்பா என்று கேட்டால் போனைப் பார்த்துக் கை நீட்டும், போன் இல்லாவிட்டால் சார்ஜர் இருக்கிற சுவரைக் காட்டும். ஊரே சிரித்தது, இவளும் சேர்ந்துதான் சிரித்தாள். ஆடியில் பூபதி வந்து வாசலில் நின்றபோது, சாவு வீட்டில் அத்தனை அழுகைக்கு நடுவில், பிள்ளை அவனை ஏறெடுத்தும் பார்க்காமல் அவன் சட்டைப்பையிலிருந்த போனை உருவி அதற்குள் அப்பாவைத் தேடிற்று. அவன் முகம் போன போக்கை அவள் பார்த்தாள். அப்பனைப் பறிகொடுத்த அழுகை ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, அதற்குள்ளே வேறொன்று புகுந்து அவன் வாயைக் கோணச் செய்தது. இப்போது நாலு மாசத்தில் பிள்ளை அவன் தோளை விட்டு இறங்குவதில்லை. சார்ஜாவுக்குப் போனால் மறுபடியும் சுவரைக் காட்டும். அதுதான் பயம். ஆனால், உள்ளதைச் சொல்ல வேண்டுமே, இன்னொரு பயமும் இருக்கிறது. அவன் இல்லாத நாட்களில் அவள் தானாக எல்லாம் செய்து பழகிவிட்டாள். தேங்காய் ஏவாரியிடம் விலை பேசுவது, எருமைக்கு ஊசி போடக் கூட்டிப்போவது, வண்டிக்குப் பெட்ரோல். அவன் வந்ததும் அஞ்சறைப் பெட்டியில் சீரகத்தையும் சோம்பையும் இடம் மாற்றி வைத்தான், இப்படித்தான் வசதி என்று. அவள் மூன்று நாள் ரசத்தில் சோம்பு போட்டாள். வீட்டிலேயே இருக்கிற ஆம்பளை இன்னும் எதையெல்லாம் மாற்றுவான்? மாற்றட்டும். சோம்பு ரசம் குடித்துப் பழகிக்கொள்ளலாம்.

இந்தக் குழப்பத்துக்குத்தான் போன வெள்ளிக்கிழமை கருப்பராயன் கோயிலில் பூக் கேட்டார்கள். பூபதியின் ஏற்பாடு. பெரிய காரியம் எது செய்வதானாலும் அவர்கள் வகையறாவில் சாமியிடம் பூக் கேட்காமல் கையை வைக்கமாட்டார்கள். பூசாரி சாமிக்குத் தண்ணீர் வார்த்து, ஈரம் சொட்டச் சொட்ட இரண்டு தோளிலும் அரளிப்பூவை ஒட்டி வைப்பார். எல்லோரும் கைகூப்பி நிற்க வேண்டும், இருமக்கூடக் கூடாது. சாமியின் வலப்பக்கத்துப் பூ முதலில் விழுந்தால் செய்யலாம், இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம். பூபதி சத்தமாகவே கேட்டான். "அப்பா கருப்பராயா, இந்த ஏரோப்ளேனைச் சரிபண்ணலாம்னா வலப்பூவக் குடு." பூசாரியே திரும்பி அவனை ஒரு மாதிரி பார்த்தார். கல்யாணத்துக்குக் கேட்பார்கள், கிணறு வெட்டக் கேட்பார்கள், ஏரோப்ளேனுக்கு என்று யாரும் கேட்டதில்லை. சாமிக்கும் புதுசாகத்தான் இருந்திருக்கும், ரொம்ப நேரம் யோசித்தது. மித்ரா மணியைப் பிடித்து இழுக்கப் பார்த்தாள். கௌசல்யா அவளை இடுப்போடு இறுக்கிக்கொண்டு கண்ணை மூடினாள். மூடினவள் சும்மா இருந்தாளா? இவர் போகாம இருப்பாரா சாமீ, இருப்பாருன்னா வலப்பூவக் குடு என்று மனசுக்குள் கேட்டுவிட்டாள். ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான் கேட்க வேண்டும் என்பது அவளுக்கும் தெரியும். கேட்டே தீர வேண்டும் என்று கேட்கவில்லை, அதுவாக வந்துவிட்டது. அப்போதுதான் பூ விழுந்தது. வலப்பக்கம். பூபதி "ஆ!" என்றான். பூசாரி விபூதி கொடுத்தார். வழியெல்லாம் பூபதி பேசிக்கொண்டே வந்தான், எந்தச் சீட்டுக்கு எங்கே தோல் வாங்குவது, எந்தப் பெயிண்டு. அவள் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். அந்தப் பூ யாருக்கு விழுந்தது? அவனுக்கா, இவளுக்கா? இரண்டும் ஒன்றுதானே என்று ஒரு மனசு சொன்னது. ஏரோப்ளேன் இருந்தால் அவர் இருப்பார். ஒன்றாக இருந்தால் ஏன் உனக்குத் தனியாகக் கேட்கத் தோன்றியது என்று இன்னொரு மனசு. அன்றிலிருந்து இந்த இரண்டு மனசும் நாத்தனார்கள் மாதிரி முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை.

"தம்பி, நான் ஒளிவுமறைவு இல்லாம சொல்லிடறேன்." பெஞ்சமின் சார் குரல் திடீரென்று பக்கத்தில் கேட்டது, படிக்கட்டுக்கு வந்துவிட்டார்கள் போல. "இது பறக்காது. இன்ஜின் ரெண்டும் முடிஞ்சு போச்சு, உள்ள மைனா குடித்தனம் பண்ணுது. பறக்க வைக்க நினைச்சா புதுசே வாங்கிடலாம்." "பறக்க வேண்டாங்க சார். நான் அதுக்குச் சொல்லலை" என்றான் பூபதி. "அப்புறம் எதுக்கு? ஓட்டல் வைக்கப் போறீங்களா? கல்யாண ஜோடி போட்டோ எடுக்க விடுவீங்களா? அதுக்கெல்லாம் ரோட்டோரம் இருக்கணும். உங்க தோப்பு எங்க இருக்கு?" பூபதி கை காட்டியிருப்பான். மூணு பர்லாங்கு இட்டேறித் தடம், இரண்டு பக்கமும் கிளுவை வேலி. ஆம்புலன்ஸ் வருவதே கஷ்டம். சார் டார்ச்சை டக்கென்று அணைக்கிற சத்தம் கேட்டது. "வேலை நல்லாப் பண்ணுவீங்க, அது தெரியுது. சீட்டு மாட்டியிருக்கற கம்பியைத் தொட்டுப் பாத்தே தேய்மானம் சொல்றீங்க. இவ்வளவு வேலை தெரிஞ்ச கையை இது மேல வைக்கிறது உசிதமான்னுதான் கேக்கறேன்." "எதுக்குன்னு கேட்டா..." என்று ஆரம்பித்த பூபதி நிறுத்திவிட்டான். நிறுத்தினதும் கௌசல்யா மூச்சை நிறுத்திக்கொண்டு கேட்டாள். எதற்கு? சொல்லுங்க மாமா, எதற்கு? "வால் பக்கம் ஒருக்காப் பாத்துரலாங்க சார்" என்று கூட்டிக்கொண்டு போய்விட்டான். பேச்சு தேய்ந்து போனது.

அவள் எட்டிப் பார்க்கலாம் என்று பிள்ளையின் தலையைத் தாங்கிக்கொண்டு கொஞ்சம் சாய்ந்தாள். அப்போதுதான் பின்சீட்டுக்கு அடியில் அது தெரிந்தது. சார்ஜாவிலிருந்து அவன் கொண்டு வந்த சிவப்பு டூல்பாக்ஸ். சாவு வீட்டுக்கு வருகிறவன் இதை எதற்குச் சுமந்து வந்தான் என்று அப்போதே நினைத்தாள். ஏர்போர்ட்டில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் தாள் அதன் மேல் அப்படியே இருந்தது. பிரிக்கவே இல்லை. நாலு மாசம். காலையில் டிபன் சாப்பிட்டதும், "ப்ளேன் வேலைக்குப் போறேன்" என்று மித்ராவைத் தோளில் ஏற்றிக்கொண்டு கிளம்பி, பொழுதிறங்கித்தானே வருவான். இத்தனை நாள் என்ன வேலை செய்தான்? கௌசல்யா சுற்றிலும் பார்த்தாள், இப்போதுதான் பார்க்கிற மாதிரி பார்த்தாள். சீட்டு இடுக்கெல்லாம் கிழித்த காகிதத் துண்டு, பஸ் டிக்கெட் அளவுக்கு. ஜன்னல் விளிம்பில் வரிசையாகப் புளியங்கொட்டை. பைலட் இருக்கைக்குப் போகிற வழியில் துண்டைக் கட்டித் தூளி மாதிரி ஒன்று. மித்ராவின் பழைய ஜோடியில் காணாமல் போன இடது செருப்பு. தரையில் சாக்கட்டியில் எருமை, வீடு, குச்சிக் கைகால் வைத்து மூன்று பேர். ஒரு திருகாணிகூடக் கழற்றப்படவில்லை. பஸ் விளையாடியிருக்கிறார்கள் அப்பாவும் மகளும். நாலு மாசமாக இந்த ஏரோப்ளேனை அவர்கள் கரூர் பஸ்ஸாக ஓட்டியிருக்கிறார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு பாதியில் மூக்கில் ஏறிக் காந்தியது. ஏனென்றால் அந்தக் காதுகுத்து வீடு ஞாபகம் வந்துவிட்டது. போன மாசம், அவள் பெரியப்பா பேத்திக்குக் காதுகுத்து. பந்தியில் உட்கார்ந்தவுடனே பெரியப்பா கேட்டார், "ஏனுங் மாப்ள, எப்பக் கெளம்பறீங்க?" அதற்கு முன்னால் வாசலில் சந்தனம் கொடுத்தவன் கேட்டான். டீக்கடையில் கேட்பார்கள், முடிவெட்டுகிறவர் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டுக் கேட்பார். வெளிநாட்டுக்குப் போனவன் ஊருக்குள் தென்பட்டால் அவனை வேறெதுவும் கேட்கத் தெரியாது யாருக்கும், வந்த நாளிலேயே போகிற நாளைக் கேட்பார்கள். ஒவ்வொரு தடவையும் பூபதியின் தோள் கொஞ்சம் இறங்கும். அன்றைக்கு இறங்கவில்லை. இலையில் தண்ணீர் தெளித்தபடி, "ஒரு ப்ளேன் வேலை கையில இருக்குதுங்க, அது முடியாம கெளம்ப முடியாது" என்றான். பெரியப்பா அப்படியா என்று மரியாதையாகத் தலையாட்டி, லட்டு இன்னொன்று வைக்கச் சொன்னார். ஏரோப்ளேன் என்றால் சும்மாவா. பிள்ளையோடு பஸ் விளையாட ஊரில் இருக்கிறேன் என்று ஒரு ஆம்பளை பந்தியில் சொல்ல முடியுமா? சொன்னால் லட்டு வருமா? அவன் இதைச் சரிபண்ண இங்கே இருக்கவில்லை. இங்கே இருக்கத்தான் இதைச் சரிபண்ணுகிறேன் என்கிறான். அவளும் என்ன செய்தாள்? அவன் இருக்கட்டும் என்று ஏரோப்ளேனுக்குச் சரி சொல்லலாமா என்றுதானே மத்தியானத்திலிருந்து கணக்குப் போட்டாள். இரண்டு பேரும் இந்தத் தகரக் கூண்டுக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டு, அதைக் காட்டியே பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். கொண்டுபோய்த் தோப்பில் வைத்தால் பத்துத் தென்னையை வெட்ட வேண்டும். மழை வந்தால் உள்ளே தேள் சேரும். பிள்ளை ரெக்கையில் ஏறி விழும். ஒரு வருசம் கழித்து, என்ன மாப்ள இன்னும் முடியலையா என்று கேட்பார்கள், அப்போது இந்தத் தகரத்தை அவனே வெறுப்பான். கரூரில் பஸ் பாடி கட்டுகிற பட்டறைகள் எத்தனை, சீட்டு வேலைக்கு ஆள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்களே, போய்ப் பார்க்கலாமே என்று ஒரு தடவை சொன்னதற்கு, "ப்ளேன்ல வேலை பாத்தவன் பஸ்ஸுக்குப் போறதா?" என்றான். பஸ் ஓட்டத்தானே ஓட்டினீர்கள் மாமா, நாலு மாசமாக? சந்தோசமாகத்தானே ஓட்டினீர்கள்? போகட்டும். அது நாளைய பேச்சு. கருப்பராயன் கொடுத்த பூவும் இவள் கேட்டதற்கே விழுந்ததாக இருக்கட்டும். அவள் ஜன்னல் விளிம்பிலிருந்த புளியங்கொட்டையை ஒவ்வொன்றாக எடுத்துத் துப்பட்டா நுனியில் முடிந்துகொண்டாள். சுவரைத் தடவிப் பார்த்தாள். அந்த மேஜை எங்கே இருந்து வந்தது? அவள் விரலுக்கு அது தெரியவில்லை, வரவில்லை. முட்டையை வீசிய பிள்ளை, சால்னா கொட்டிய பொண்ணு, வயிற்றுப் பிள்ளையோடு போனில் சிரித்தவள், எல்லோரும் இந்தச் சீட்டில்தான் உட்கார்ந்திருந்தார்கள். இறங்கச் சொன்னால் கஷ்டமாகத்தான் இருக்கும். மாமனாரிடம் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். மாமா, ஆள் வந்தாச்சுங்க. நீங்க பாத்துக்கிட்டது போதுமுங்க.

மில் கேட் பக்கம் லாரி ஹாரன் கேட்டது. மித்ரா திடுக்கிட்டு விழித்து, சுற்றிப் பார்த்து, "ரைட், ரைட்!" என்றாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கௌசல்யா குனிந்து படி இறங்கினாள். வெயில் மஞ்சளாகச் சாய்ந்திருந்தது. கிரேன் லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடுபாதையில் வந்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "ஏனுங்க, தூக்கறதா அறுக்கறதா? சொன்னீங்கன்னா அதுக்குத் தக்கன வண்டிய நிறுத்துவேன்" என்று கத்தினான். பெஞ்சமின் சார் நாசூக்காக வால் பக்கமே நின்றுகொண்டார். பூபதி வந்தான். அவளைப் பார்க்காமல் ரெக்கையைப் பார்த்துக்கொண்டு, "என்ன கௌசி?" என்றான். "அறுக்கச் சொல்லிருங்க மாமா." சரி என்று தலையாட்டினான், டிரைவருக்குக் கையால் வெட்டிக் காட்டினான். தோள் இறங்கியது. அப்புறம் பையிலிருந்து போனை எடுத்தான். "அப்ப அவங்களுக்கு வர்றேன்னு போட்டுர்றேன்." மித்ரா அந்தப் போனைப் பார்க்கவில்லை. அவன் மேல் தாவி, கழுத்தைக் கட்டிக்கொண்டு, டிக்கெட் டிக்கெட் என்று அவன் காதைப் பிடித்து முறுக்கினாள். கௌசல்யா கையை நீட்டிப் போனின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள். அது வெயிலில் சுட்டது. "ஏரோப்ளேன் வேண்டாம்னுதானுங்க சொன்னேன். போங்கன்னு சொன்னனா?" "பின்ன? எதுக்கு இருக்கறேன்னு கேட்டா என்ன சொல்றது கௌசி?" அவன் குரல் பிசிறியது. "பெரியப்பா கேப்பாரு, ஊரே கேக்கும். சொல்றதுக்கு எதாச்சும் ஒண்ணு வேணுமில்ல?" லாரி உறுமிக்கொண்டு திரும்பி நின்றது. அதன் சத்தத்தில் கேட்காமல் போய்விடுமோ என்று அவள் அவன் சட்டையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தாள். கல்யாணமாகி இத்தனை வருசத்தில், மூன்று முறை ஏர்போர்ட் வாசலில் நின்றும், சாமிக்கு முன்னால் கண்ணை மூடியும் வாயைத் திறந்து அவனிடம் கேட்காததைக் கேட்டாள்.

"கேக்கறவங்க கேட்டுட்டுப் போறாங்க. காரணமே இல்லாம, எங்களோட இங்கயே இருந்துருங்க மாமா."